ஏழு வீட்டுக்கு ஒரு ஆள்

1781 மார்ச் 12, திங்கக்கிழமை காலைல

விக்கல கண்ணு, உன் புருஷனை நான் விக்கல. நீ எழுதின மாதிரி வாயால வித்துட்டு வந்து நிம்மதியா சோளக் கஞ்சியும் குடிக்கல. இதை மொதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். பேனாவைக் குத்திக் குத்தி எழுதியிருக்கே, காகிதத்துல மூணு எடத்துல ஓட்டை, அந்த ஓட்டை வழியா உன் மூஞ்சி தெரியுது எனக்கு, என் மூக்கையே வச்சுக்கிட்டு என்னையே மொறைக்குது. மொறை, வேணாங்கல. ஆனா கோபம் வந்தா காகிதத்தை அடுப்புல போடுற பழக்கம் உனக்குச் சின்ன வயசுலேர்ந்து உண்டு, இதைப் போட்டுடாதே, உள்ள மடிச்சு இன்னொரு காகிதம் வச்சிருக்கேன், அரக்கு முத்திரை போட்டது, அதை மொதல்ல எடுத்துப் பத்திரமா வை, அது என்னன்னு பின்னாடி சொல்றேன். நானும் உங்க அம்மாவும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம், மாடு ரெண்டுல ஒண்ணு மிச்சம் இருக்கு, கூரை இருக்கு, உப்புக் கறி மாசக் கடைசி வரைக்கும் தாங்கும். அந்த வடக்குக் காட்டுல அரைகுறைக் குடிசைல எட்டு மாச வயித்தோட நீயும், உன் ரெண்டு குஞ்சுகளும், ஒளிஞ்சு திரியுற அந்த மடையன் ஜோதாமும் நோய் நொடி இல்லாம இருக்கணும்னு தினம் ரெண்டு வேளை கேக்குறேன், மேல இருக்கறவருக்கே என் கொரல் அலுத்துப் போயிருக்கும்.

உனக்குத் தெரியும் கெசையா, எனக்கு வாய் அசைஞ்சாத்தான் கை அசையும். ரெண்டு குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன், அதுலயும் ஒண்ணு முழுக்க வாத்தியாரோட விறகை வெட்டினேன். அதனால ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுறேன். உங்க அம்மா அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து காலுறை பின்னிக்கிட்டு எல்லாத்தையும் கேக்குறா. மடையன்னு சொன்னப்ப ஊசியை நிறுத்திட்டு மருமகனை அப்படிச் சொல்லாதீங்கன்னா. நான் எழுதிட்டேன்டி, மையை நக்கி அழிக்கவான்னேன். பின்ன பின்னிக்கிட்டு இருக்கா.

நீங்க போன வருஷம் மார்ச்ல கெளம்பிப் போனீங்க, அதுக்கப்புறம் வந்த சட்டம் இது, அதனால உனக்குத் தெரிஞ்சிருக்காது. கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜாவை எதுத்து நிக்கற நம்ம நாட்டுப் படைக்கு ஆள் வேணும், மூணு வருஷத்துக்கு. மொத மொதல்ல போனவங்க பாட்டுப் பாடிக்கிட்டு தானாப் போனாங்க. இப்ப யாரும் போறதில்ல, போனவங்க எழுதுற கடிதாசு அப்படி, நாலு நாள் ரொட்டி இல்ல, பனியில வெறுங்காலு, செத்த குதிரைத் தோலை அறுத்துக் கால்ல சுத்திக்கிட்டோம்னு எழுதறாங்க. அதனால ஊரை ஏழேழு வீடாப் பிரிச்சுட்டாங்க. ஏழு வீடு சேந்து ஒரு ஆளைக் குடுக்கணும். குடுத்தாப் போதாது, அவனுக்கு ரெண்டு சட்டை, ரெண்டு சோடி காலுறை, ஒரு சோடி செருப்பு, ஒரு கம்பளி, எல்லாத்தையும் அந்த ஏழு வீடே போட்டு அனுப்பணும். இது போக ஊரே சேந்து மாட்டுக் கறி குடுக்கணும், அதுக்குப் பீப்பா செஞ்சு செஞ்சுதான் என் கை இப்படிக் கெடக்கு. நம்ம ஏழு வீட்டுக்குத் தலைவரு மாவாலை எனோஸ், எழுத்து வேலையும் அவருதான். அவருக்குச் சிரிப்பு வராது, உனக்குத் தெரியுமே, ஒருத்தன் வழுக்கி விழுந்தாக்கூட எத்தனை அடி தூரம் வழுக்கினான்னு கேக்குற ஆளு.

ஜனவரியில ஏழு வீட்டாளுங்களும் சத்திரத்துல கூடினோம். யாரு போறதுன்னு கேட்டாரு எனோஸ். யாரு இருக்கா சொல்லு, ஒருத்தருக்குக் கை இல்ல, ஒருத்தர் பாதிரியார், ஒருத்தன் இருமினா ரத்தம் வருது, நான் அறுபத்தொண்ணு. திர்சா அத்தை மூலையில உக்காந்திருந்தாங்க, அவங்க வீடும் ஒரு வீடாம், மூத்தவன் முகாம்ல அம்மை போட்டுச் செத்துட்டான், சின்னவனைப் பத்தி ஒன்றரை வருஷமாச் சேதி இல்ல, இருந்தாலும் வீடுன்னா வீடுதானே, ஆளுக்கு அவங்களும் பொறுப்பாம். அந்தம்மா சத்தமில்லாம அழுதாங்க. யாரும் பேசல. எனக்கு அமைதி ஆகாது கண்ணு, சாவு வீட்டுலயே பேசுறவன் நான். அந்த அமைதி தாங்காமத்தான் சொன்னேன், ஏம்ப்பா நம்ம ஜோதாமை எழுதிப் போடுங்கப்பா, வடக்க போயி கரடியச் சுட்டுச் சுட்டுக் கை பழகியிருக்கும், பத்து மாசமா ஒரு கரடியும் சாகல, கரடிங்க அவனைத் தேடி வந்து வேடிக்கை பாக்குதாம், ராஜா படைக்காரனும் வந்து வேடிக்கை பாத்து சிரிச்சே சாகட்டும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. திர்சா அத்தைகூட தோள் துணியால மூக்கைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் ஒரு குவளை ரம் வாங்கிக் குடிச்சுட்டு, பரவால்ல, ஒரு சபையைச் சிரிக்க வச்சோம்னு வீட்டுக்கு வந்துட்டேன்.

எனோஸ் எழுதிட்டாரு. எழுதி, மை காய மேல மணலும் தூவிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் போறப்ப ஊர்ப் படைப் பட்டியல்ல பேரை அடிச்சுட்டுப் போங்கடான்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், விதைச் சோளம் நனைஞ்சிடும் மாமான்னு வண்டியைக் கெளப்பிட்டான் உன் புருஷன். ஊர்ல இல்லாட்டியும் பட்டியல்ல இருக்கான், ஏழு வீட்டுல ஒரு வீட்டு மருமகன், அந்த வீட்டுப் பெரியவரே எழுந்து பேரைச் சொல்றாரு, பின்ன என்ன வேணும் எனோஸுக்கு. மறுநாள் விடிய நான் ஓடினேன். ஆலைக் கல்லு சுத்திக்கிட்டு இருக்கு, மாவுல நின்னுக்கிட்டு சொல்றாரு, பட்டியல் காலைலயே குதிரைல போயிடுச்சு பர்சிலாய், சபையில சொன்னதை நான் எழுதினேன், கேலிக்குச் சொன்னதுக்குத் தனிப் பக்கம் கெடையாதுன்னு. நான் கெஞ்சினேன். மத்த வீடெல்லாம் ஏறி எறங்கினேன். ராத்திரி சிரிச்சவன் ஒருத்தனும் பகல்ல சிரிக்கல. ஒருத்தரும் ஜோதாம் பேரை அடிக்கச் சொல்லல. ஏன் சொல்லுவாங்க, அவன் பேரை அடிச்சா சீட்டுக் குலுக்கிப் போடணும், அவங்கவங்க வீட்டுல விழும். ஒருத்தரையும் நான் குத்தம் சொல்லல. அவங்க கண்ணைப் பாத்தாத் தெரியுது, ராவோட ராவா அவங்க எல்லாரும் நிம்மதியாத் தூங்கியிருக்காங்க, மாசக் கணக்குல மொத தடவையா.

எனக்கு அவனைப் புடிக்காது, அதனாலதான் பேரைச் சொன்னேன்னு எழுதியிருக்கே. அந்த எடத்துலதான் பெரிய ஓட்டை. கேளுடி. மரம் வெட்டப் போயி சொந்த பூட்ஸை வெட்டினவன் அவன், அதைப் பத்து வருஷமாச் சொல்றேன், இன்னும் சொல்லுவேன். ஆனா ஆத்துப் பனி உடைஞ்சு என் எருது உள்ள போனப்ப கழுத்து வரைக்கும் தண்ணில எறங்கினவன் யாரு. என் கேலி அன்னைக்கு அவனுக்குப் புரியாது, மறுநாள் காலைல பால் கறக்கறப்ப தனியாச் சிரிப்பான், நான் கொட்டகைக்கு வெளில நின்னு அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். நீங்க போனதுலேர்ந்து காலைல எனக்கு வேலை ஓடல. புடிக்காதவனை நான் கேலி பண்ணுவேனா. எனோஸை என்னைக்காவது கேலி பண்ணிப் பாத்திருக்கியா.

சார்ஜென்ட் உன் வாசல்ல வந்து நின்னு, ஜோதாம் எங்கன்னு கேட்டு, பேர் குடுத்தது பர்சிலாய் ஃபிஸ்க்னு படிச்சானாமே. அதைப் படிச்சப்ப நான் நின்னுக்கிட்டு இருந்தேன், உக்காந்துட்டேன். இருபத்துநாலாந் தேதிக்குள்ள வராட்டி ஓடிப்போனவன்னு எழுதிக் கட்டிக் கொண்டு போவோம்னு சொன்னானாம். ஏப்ரல்ல உனக்குப் பிரசவம், பக்கத்து வீடு ஆறு மைல், விறகு வெட்ட ஆள் இல்ல, ரெண்டு சின்னதுங்க, அவன் மேப்பிள் பாகு காய்ச்சுற கொட்டகைல நெருப்பில்லாமப் படுத்துக் கெடக்கான், புகை வந்தாக் காட்டிக் குடுத்துடும்னு. இதையெல்லாம் நீ வரிசையா எழுதி, கடைசில அப்பா இது உங்க கேலின்னு எழுதின பாரு, அதைத்தான் உங்க அம்மாகிட்ட நான் படிச்சுக் காட்டல. இப்பத்தான் அவ கேக்குறா.

ஒரே வழிதான் இருந்துச்சு. இருபத்துநாலுக்குள்ள அவனுக்குப் பதிலா வேற ஆளைக் கொண்டு போய் நிறுத்தினா பேரை அடிச்சுடுவாங்க. தேடினேன் பாரு ஒரு தேடல். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆஷர்னு ஒருத்தன், ஆறடி, கல்யாணம் ஆகல, சரின்னுட்டான். காகித நோட்டை இப்ப யாரும் தொடறதில்ல, சுவத்துல காத்து வராம ஒட்டத்தான் ஆகும், அதனால மாடாக் கேட்டான், மூணு வருஷம் முடிச்சு வந்ததும் பதினஞ்சு காளை, ஏழு வீடும் ஒத்துக்கிட்டோம். நான் கூட்டிட்டு வர்றேன், ஆத்துத் துறையில மேட்டுத் தெரு ஏழு வீட்டுக்காரங்க ரம் ஜாடியோட நிக்கறாங்க, அவங்களுக்கும் ஆள் வேணுமே. பதினெட்டுன்னாங்க. என் கையிலேர்ந்து கையை உருவிக்கிட்டான். ரெண்டு மைல் பின்னாடியே போனேன் கண்ணு, பனியில. கடைசில முழங்கால் போட்டேன். உங்கப்பன் கோயில்லயே ஒழுங்கா முழங்கால் போடாதவன். பெரியவரே எழுந்திருங்க, ஈரம் மூட்டுக்கு ஆகாதுன்னு நல்ல பையனாத்தான் சொன்னான், சொல்லிட்டுப் போயிட்டான். மேட்டுத் தெருக்காரங்க யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் ஒரு ஜெர்மன்காரன் வந்தான், ராஜா கூலிக்குக் கொண்டாந்த படையிலேர்ந்து ஓடி வந்தவனாம், இந்தப் பக்கம் சண்டை போடத் தயாரா இருக்கேன், ஆனா ஒடம்பு தேறணும்னான். தேத்தினோம். ஏழு வீட்டுலயும் மொறை வச்சு ஒம்பது நாள் சாப்பிட்டான். உங்க அம்மா கடைசிப் பன்னித் தொடையை வெட்டிப் போட்டா. நல்லாப் பாடுவான் அந்தத் திருடன். திர்சா அத்தை மூத்தவனோட கம்பளியைக் கொண்டு வந்து இவனுக்குப் போத்தினாங்க, படைக்குப் போற பிள்ளைக்குன்னு. பத்தாம் நாள் ஆளும் இல்ல, கம்பளியும் இல்ல, என் நல்ல தொப்பியும் இல்ல. எனோஸ் வந்து எத்தனை மணிக்குப் போனான்னு கேட்டாரு. அன்னைக்கு மார்ச் ரெண்டு. கொட்டகைக்குள்ள போயி பீப்பாக்குள்ள தலையை விட்டுக் கத்தினேன், வெளில கேக்காதுன்னு. நல்லாவே கேட்டுச்சு போல, உங்க அம்மா வந்து கதவுகிட்ட நின்னுட்டுப் போயிட்டா.

இப்ப நான் எழுதப் போறதை மெதுவாப் படி. நீயும் மெதுவாப் படி, இங்க அடுப்புக்குப் பக்கத்துல இருக்கறவளும் மெதுவாக் கேக்கட்டும். நேருக்கு நேரா அவகிட்டச் சொல்ல நாலு நாளா வாயைத் தெறக்கறேன், மாட்டைப் பத்திப் பேசிட்டு மூடிக்கறேன். உனக்கு எழுதற சாக்குல சொல்லிடறேன். போன வியாழக்கிழமை பெரிய ஊருக்குப் பீப்பா விக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல எப்சிபா, நான் விக்கப் போகல. ஆள் சேக்குற எடத்துக்குப் போனேன். ஏழு வீட்டு ஆள் நான்தான்.

சிரிக்காதே கெசையா. வாத்துக் கொழுப்புல அடுப்புக் கரியைக் குழைச்சுத் தலையில தடவிக்கிட்டுப் போனேன். நடுவழியில மழை. போய்ச் சேர்றப்ப தலை வெள்ளை, மூஞ்சி கருப்பு. வரிசையில முன்னாடி நின்னவன் திரும்பிப் பாத்து, தாத்தா எந்தப் புகைபோக்கிலேர்ந்து வந்தீங்கன்னான். அதிகாரி கேப்டன், எனக்குப் பேரன் வயசு, ரெண்டு மாசமாத் தூங்காத கண்ணு. ஒசரம் அளந்தாரு, அஞ்சரை அடி, சரி. வயசு கேட்டாரு, நாப்பத்தொம்போதுன்னேன். மூத்த பிள்ளைக்கு என்ன வயசுன்னாரு, யோசிக்காம முப்பத்தெட்டுன்னு, கப்பல்ல போயிருக்கற உங்க அண்ணன் வயசைச் சொல்லிட்டேன். பக்கத்துல எழுதிக்கிட்டு இருந்தவன் பேனாவை வச்சுட்டு, பதினோரு வயசுலயே அப்பாவான்னான். எங்க ஊர்ல குளிர் சாஸ்தின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, கேப்டன் சிரிக்கல. வாயைத் தெறக்கச் சொன்னாரு. தோட்டாக் காகிதத்தைக் கடிச்சுக் கிழிக்கப் பல்லு வேணும்ல, மேல ஒண்ணு கீழ ஒண்ணு நேருக்கு நேர் இல்லாட்டி ஆள் ஆகாது. என்கிட்ட இருக்கறது அஞ்சே அஞ்சு பல்லு, ஆனா அதுல ரெண்டு நல்ல குடும்பம் மாதிரி ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்கு. தோட்டாவைக் குடுத்தாரு, ஒரே கடி, துப்பிக் காட்டினேன்.

பெரியவரே என்னைக் கேலி பண்ண வந்தீங்களான்னு கேட்டாரு அப்ப. கோபமாக் கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன். சாந்தமாக் கேட்டாரு. சட்டைக் கையால மூஞ்சிக் கரியைத் தொடைச்சேன். அப்புறம் சொன்னேன், கேலி பண்ணித்தான் கேப்டன் இங்க வந்து நிக்கறேன்னு, எல்லாத்தையும் சொல்லிட்டேன், உன் கடிதத்தை எடுத்து ஓட்டையெல்லாம் காட்டினேன். அவரு படிச்சாரு. இதுக்கு நான் என்ன பண்ண முடியும், அங்க எனக்கு வேண்டியது ஆள், தாத்தா இல்லன்னு காகிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டாரு. நான் நகரல. அடுத்தவன்னு கூப்பிட்டாச்சு, நான் நகரல. ரெண்டு பேர் வந்து கையைப் புடிச்சு ஒதுக்கறப்ப, ஒருத்தன் என் கையைப் பாத்துட்டு, என்ன வேலை பாக்கறீங்க தாத்தா, கையெல்லாம் இரும்பு வளையத் தழும்புன்னான். பீப்பான்னேன். கேப்டன் தலையைத் தூக்கினாரு. ஆத்தங்கரைக் கிடங்குல நாப்பது பீப்பா மாட்டுக் கறி, பச்சை மரத்துல செஞ்சது, உப்புத் தண்ணியெல்லாம் ஒழுகி நாறிப் போச்சு, குழி தோண்டிப் பொதைச்சோம், இருபது மைல்ல பட்டாளம் வெறும் தண்ணியைக் குடிச்சுக்கிட்டுப் படுத்திருக்குன்னாரு. அந்தப் பீப்பாவை எந்த மடையன் செஞ்சான்னேன், எனக்குக் கோபம் வந்துடுச்சு, அது நெசமான கோபம். அப்புறம் எழுதறவன்கிட்டத் திரும்பி, நாப்பத்தொம்போதுன்னே எழுதுன்னாரு. மூணு வருஷம். ஜோதாம் பேர் மேல ஒரு கோடு போட்டாரு, நான் பாத்தேன், கோடு நேராத்தான் போச்சு.

நீ எடுத்து வச்சியே முத்திரைக் காகிதம், அதுதான் அது. ஏழு வீட்டு ஆள் வந்து சேந்தாச்சு, ஜோதாமைத் தேட வேண்டாம்னு கேப்டன் கையெழுத்து. சார்ஜென்ட் வந்தா கதவைப் பாதி தெறந்து இதைக் காட்டு, கையில குடுக்காதே, பாத்துட்டுத் திருப்பித் தரச் சொல்லு. இதைக் கொண்டு வர்ற வண்டிக்காரர்கிட்டயே சொல்லியனுப்பி இன்னைக்கே அவனை வரச் சொல்லு. தைரியமாப் புகை போட்டுப் பாகு காய்ச்சச் சொல்லு, நல்லாப் பச்சை விறகா வச்சு, பத்து மைலுக்குத் தெரியுற மாதிரி.

இதை எழுதறப்பவே ஓரக்கண்ணால உங்க அம்மாவைப் பாக்கறேன். ஏழு வீட்டு ஆள் நான்தான்னு படிச்சப்ப ஊசியைத் தூக்கி எறிவான்னு நெனச்சேன், அடுப்புக் கொள்ளியைத் தூக்குவான்னுகூட நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். ஊசி நிக்கவே இல்ல. கேட்டாளா இல்லையான்னு தெரியாம அந்த எடத்தை மறுபடியும் கொஞ்சம் சத்தமாப் படிச்சேன். ஊசி பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, ஆளுக்கு வேண்டிய துணிமணியைப் பங்கு போட்டப்ப நம்ம வீட்டுக்கு வந்தது காலுறை. வெள்ளிக்கிழமை கேட்டா, யாரு அந்த ஆளு, காலு எம்மாம் பெருசுன்னு. மலைக்கு அந்தப் பக்கத்து ஆளு, யாரோ எவரோ, காலு இந்தாப் பெருசு இருக்கும்னு அடுப்புச் செங்கல்லுல வெரலை வச்சுக் காட்டினேன். உம்னா. அவ்வளவுதான். மத்தவங்க எல்லாருக்கும் தெரியும், நானே சொல்லிக்கறேன்னு கேட்டுக்கிட்டேன். திர்சா அத்தை நேத்து சின்னவனோட கம்பளியைக் கொண்டு வந்து கொட்டகைல வச்சுக் குடுத்தாங்க. சேதி இல்லாதவனோட கம்பளி அத்தை, வந்தாக் கேப்பானேன்னேன். அதனாலதான் திரும்பக் கொண்டு வந்து குடுங்கன்னு சொல்றேன்னுட்டுப் போனாங்க.

வியாழக்கிழமை கெளம்பறோம். எனக்குப் பயமா இல்லைன்னு எழுதலாம், எழுத்து வளையாது. பயமாத்தான் இருக்கு. குண்டுக்கு இல்ல, கிடங்குல குண்டு வராதுங்கறாங்க, குளிருக்கும் பசிக்கும். எடது காலு வேற இருக்கு. அஞ்சு வயசுல ஆப்பிள் சாராயப் பீப்பா மேல உக்காந்து குதிரை ஓட்டறேன்னு என் காலு மேல உருட்டி விட்டியே, அந்தக் கட்டைவெரல் எலும்பு அன்னைலேர்ந்து கோழிமுட்டை மாதிரி பொடைச்சு நிக்குது, நாலு மைலுக்கு மேல நடந்தா உன் பேரைச் சொல்லிக் கத்தும். கேப்டன் காலைப் பாக்கல, பாத்திருந்தா என் பல்லுக்கு மரியாதை இருந்திருக்காது. ஆனா நான் போகாட்டி என்ன ஆகும்னு ஒவ்வொரு ராத்திரியும் பாத்துட்டேன் கண்ணு, நீ விறகுக்கு வெளில போறே, கதவு தெறந்து கெடக்கு, சின்னது ரெண்டும் உள்ள கூப்பிடுது. அதைப் பாக்கறதுக்குப் பனியில நடக்கறது தேவலாம்.

உங்க அம்மாவுக்கு ஏழு வீடும் மொறை வச்சு விறகு போடறதா எனோஸ் எழுதிக் குடுத்திருக்காரு, கேக்காமலே மணலும் தூவினாரு. ஆனாலும் விறகு பேசாது. பிரசவம் முடிஞ்சு, ரோடு காஞ்சதும் ஜோதாமை அனுப்பி அவளைக் கூட்டிட்டுப் போயிடு. வரமாட்டேன்னு சொல்லுவா, மாட்டை மொதல்ல வண்டியில கட்டினா பின்னாடியே வந்துடுவா. தினமும் ஒரு தடவையாவது அவளை யாராவது சீண்டணும், இல்லாட்டி அவளுக்குச் சாப்பாடு எறங்காது. ஜோதாமுக்கு அது வராது, கத்துக்கச் சொல்லு. நீ வாளித் தண்ணி தூக்காதே, சின்னச் செம்புல நாலு நடை நட. சீரகம் போட்ட வெந்நி குடி, ரம் வேண்டாம், அதை அவன் குடிக்கட்டும். பையன் பொறந்தா என் பேரை வைக்காதே, எழுதறதுக்குள்ள அவனுக்கு மீசை மொளைச்சிடும். அவங்க அப்பன் பேரையே வை. நான் சொல்லிட்டேன்னு அவன்கிட்டச் சொல்லு, மறுநாள் காலைல சிரிப்பான்.

உன் மேலயும் உன் பிள்ளைங்க மேலயும், வரப்போற அந்தப் புதுசு மேலயும், அந்த மடையன் மேலயும் ஆண்டவர் கையை எடுக்காம வச்சிருக்கட்டும். உன் கதவுக்குப் பசி வரக்கூடாது, உன் அடுப்பு ஒரு ராத்திரியும் அணையக்கூடாது, உன் அப்பன் சொன்ன ஒரு வார்த்தையால உனக்கு வந்த

உங்க அம்மா எழுந்துட்டா. இரு, இன்னும் முடிக்கல எப்சிபா, ஆசீர்வாதம் பாதியில நிக்குதுன்னேன். நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா, காலுறை ரெண்டையும் மேசையில என் மைக்கூட்டுப் பக்கத்துல வச்சா, பால் வாளியை எடுத்தா, கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. சன்னல் வழியாப் பாக்கறேன், கொட்டகைக்குப் போறா, பால் கறந்து ஒரு மணி நேரம்கூட ஆகல.

காலுறையை எடுத்துப் பாத்தேன் கண்ணு. ஒண்ணு சாதாரணமா இருக்கு. இன்னொண்ணுல கட்டைவெரல் பக்கம் பத்துப் பன்னெண்டு கண்ணி சாஸ்தியாப் போட்டு, உள்பக்கம் மெத்துன்னு ரெட்டை நூல் குடுத்து, ஒரு கோழிமுட்டைக்கு எடம் விட்டுப் பின்னியிருக்கா. அது இப்ப கேட்டுட்டுக் கடைசில விளிம்புகிட்டச் செஞ்ச வேலை இல்ல, பின்னல் தொடங்குற வெரல் நுனிலயே போட்டது. வெள்ளிக்கிழமையே தொடங்கினது.

மிச்ச ஆசீர்வாதத்தை நீயே போட்டுக்கோ, எனக்கு எழுத்து மங்குது. கடிதாசைக் கொண்டு வரப்போற உப்பு வண்டிக்காரர் வாசல்ல கூப்பிடுறாரு. முத்திரைக் காகிதத்தை அடுப்புக்கிட்ட வைக்காதே.

ஏழு வீட்டுக்கும் ஒரே ஆளு,
உங்க அப்பன்
பர்சிலாய் ஃபிஸ்க்